நாடு நீக்கமும் தீவாந்தரமும்: தாமஸ் மியூரின் வாழ்க்கை

திருவள்ளுவர் செங்கோன்மையை ஐம்பத்தைந்தாம் அதிகாரமாக வைத்தார். கொடுங்கோன்மையை அதனை அடுத்தே வைத்தார். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு மிகச் சிறியது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது எனலாம். ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனின் கதையைத் தமிழுலகம் நன்கறியும். கோவலன் கள்வனா அல்லனா என்பதே அங்கு எழுந்த வினா. நீதி வரலாற்றில் அதனினும் நுட்பமான வேறொரு வினாவும் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே கொள்வோம். அக்குற்றத்திற்கு இன்ன தண்டனையை விதிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குச் சட்டம் கொடுத்திருக்கிறதா? கொடுக்கவில்லை எனின், அத்தண்டனையை எங்கே சென்று முறையிடுவது?

ஸ்காட்லாந்து நாட்டு வழக்கறிஞர் தாமஸ் மியூரின் வாழ்வு முழுவதும் இவ்விரு வினாக்களைச் சுற்றியே அமைந்துவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்தவர் அவர். அவரைப் பற்றிக் கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் மலரில் எழுதக் காரணம் உண்டு. அவருடைய வழக்கு இரண்டு சொற்களின் பொருள் வேறுபாட்டில் நின்றது. சொல்லின் பொருளைக் காப்பதில் கவிஞருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ள பொறுப்பு ஒன்றே.

பிறப்பும் கல்வியும்

மியூர் 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் வணிகர். பின்னாளில் நகருக்கு வடக்கே ஹண்டர்ஸ்ஹில் என்னும் மாளிகையை விலைக்கு வாங்கும் அளவிற்கு வளம் பெற்றவர். குடும்பத்தார் ஆழ்ந்த சமயப் பற்றுடையோர். மகன் சமயப் பணிக்குச் செல்வான் என்றே முதலில் எண்ணினர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜான் மில்லர் என்னும் சட்டப் பேராசிரியரின் விரிவுரைகள் மியூரை ஈர்த்தன. அரசும் சமுதாயமும் காலந்தோறும் மாறி வளர்வன என்று கற்பித்தவர் மில்லர். அம்மாணாக்கர் சட்டத் துறையைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

பல்கலைக்கழக ஆட்சியாளர்க்கும் ஜான் ஆண்டர்சன் என்னும் பேராசிரியருக்கும் பூசல் மூண்டபோது மியூர் ஆண்டர்சன் பக்கம் நின்றார். அதன் விளைவாகக் கிளாஸ்கோவை விட்டு எடின்பரோ சென்று கல்வியை நிறைவு செய்ய நேர்ந்தது. வலியவரோடு மோதும் இயல்பும், அதன் விலையைத் தயங்காது கொடுக்கும் இயல்பும் இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்தன. 1787இல் எடின்பரோவில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

வாக்குரிமை வேட்கை

அக்கால ஸ்காட்லாந்தின் தேர்தல் முறையை அறிந்தாலன்றி மியூரின் அரசியலை அறிய இயலாது. இலண்டன் நாடாளுமன்றத்திற்கு அந்நாடு 45 உறுப்பினர்களை அனுப்பியது. ஆயின் மாவட்டத் தொகுதிகள் அனைத்தையும் கூட்டினாலும் வாக்காளர் மூவாயிரவரை எட்டவில்லை. தலைநகராகிய எடின்பரோவின் உறுப்பினரை நகரவையினர் 33 பேர் மட்டுமே தேர்ந்தெடுத்தனர். நெசவாளரும் கைவினைஞரும் சிறு வணிகரும் வரி செலுத்தினர். வாக்கு மட்டும் அவர்க்கில்லை.

1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியும், தாமஸ் பெயின் எழுதிய மனித உரிமைகள் என்னும் நூலும் இம்மக்களைத் தட்டி எழுப்பின. 1792 ஜூலையில் எடின்பரோவில் மக்கள் நண்பர்கள் சங்கம் தோன்றியது. மியூர் அதன் முன்னணியில் நின்று ஊர் ஊராகச் சென்று கிளைகளை அமைத்தார். நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை அமைதி வழியில், மனுக்கள் வாயிலாகப் பெற வேண்டும் என்பதே அவர் கொள்கை. அவ்வாண்டு டிசம்பரில் கிளைகளின் பேராளர்கள் எடின்பரோவில் மாநாடு கூடினர். டப்ளின் நகரின் ஐக்கிய அயர்லாந்தினர் சங்கம் அனுப்பிய வாழ்த்துரை ஒன்று அங்கு வந்து சேர்ந்தது. அதை எழுதியவர் மருத்துவரும் கவிஞருமான வில்லியம் டிரென்னன். அதன் சொற்கள் அரசை வெகுளச் செய்யும் என அஞ்சிப் பேராளர் பலர் தயங்கினர். மியூர் பொறுப்பைத் தாமே ஏற்று அதனை அவையில் படித்தார். அச்செயல் பின்னர் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாயிற்று.

பாரிசுப் பயணம்

1793 ஜனவரி 2ஆம் நாள் மியூர் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். வெளிவந்தவர் இலண்டன் வழியாகப் பாரிசு சென்றார். பிரெஞ்சு மன்னரைக் கொல்வது உலகெங்கும் சீர்திருத்தத்திற்கு ஊறு செய்யும் என எடுத்துரைக்கவே அவர் சென்றதாகக் கூறப்பட்டது. அவர் சென்று சேர்ந்தபோது மன்னரின் தலை விழுவதற்கு ஓர் இரவே எஞ்சியிருந்தது. பிப்ரவரி முதல் நாள் பிரான்சு பிரிட்டன்மீது போர் தொடுத்தது. கடவழிகள் அடைபட்டன. குறித்த நாளில் மியூரால் நீதிமன்றம் வர இயலவில்லை. பிப்ரவரி 25ஆம் நாள் அவர் சட்டப் பாதுகாப்பை இழந்தவராக அறிவிக்கப்பட்டார். மார்ச்சில் வழக்கறிஞர் மன்றம் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

அவர் விரும்பியிருந்தால் அமெரிக்காவிற்குச் சென்று வாழ்ந்திருக்கலாம். அமெரிக்கக் கப்பலொன்றில் ஏறவும் செய்தார். ஆயின் அயர்லாந்தில் இறங்கி, டப்ளின் நண்பர்களைக் கண்டு, ஸ்காட்லாந்தின் கரைக்கே மீண்டும் வந்து சேர்ந்தார். கரையில் கால் வைத்ததும் பிடிபட்டார். வழக்கை எதிர்கொள்ளவே வந்தவருக்கு அஃது எதிர்பாராததன்று.

வழக்கும் தீர்ப்பும்

ஆகஸ்டு 30ஆம் நாள் எடின்பரோ உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியது. மியூருக்கு இருபத்தெட்டு வயது நிறைந்து ஆறு நாள்களே ஆகியிருந்தன. தலைமை வகித்தவர் பிராக்ஸ்பீல்டு பிரபு. கூரிய சட்ட அறிவும் கடுமொழியும் உடையவர் அவர். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் முடிக்காது விட்டுச் சென்ற இறுதிப் புதினத்தில் வரும் நீதிபதி வீர், இவரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவரே.

அந்நாளில் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஹென்றி எர்ஸ்கின் மியூருக்காக வாதாட முன்வந்தார். வழக்கை முற்றிலும் தம் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றார். மியூர் அதற்கு இசையாது தமக்காகத் தாமே வாதாடினார். நடுவர் பதினைவரும் அரசு ஆதரவாளர் சங்கத்தைச் சார்ந்தோர். சீர்திருத்தக் கருத்தினரைப் பகைவராகக் கருதிய அச்சங்கத்தினர் தம்மைத் தீர்ப்பிடல் முறையன்று என மியூர் மறுப்புரைத்தார். அம்மறுப்பு தள்ளப்பட்டது.

சாட்சியங்களை இன்று படிப்போர் வியப்படைவர். தந்தை வீட்டில் பணிபுரிந்த பெண்ணொருத்தி முதன்மைச் சாட்சி. முடிதிருத்துவோரிடம் பெயினின் நூலை வாங்கி வைக்கச் சொன்னார் என்பதும், தெருவில் இசைப்பெட்டி வாசிப்பவனிடம் பிரெஞ்சுப் புரட்சிப் பாடலை வாசிக்கச் சொல்லித் தன்னை அனுப்பினார் என்பதும் அவள் கூறியவை. மியூர் யாரையும் வன்முறைக்குத் தூண்டினார் என எச்சாட்சியும் கூறவில்லை. எதிர்ச்சாட்சிகளோ அவர் எப்போதும் அமைதியையும் சட்டத்திற்கு அடங்குதலையுமே வலியுறுத்தினார் என்றனர்.

இரவு நெடுநேரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மியூர் பேசினார். மக்களின் பொருட்டுத் தம்மை ஒப்படைத்துவிட்டதாகவும், அவர்தம் கோரிக்கை இறுதியில் வெல்லும் என்றும் கூறி முடித்தபோது பார்வையாளர் கைதட்டினர். நடுவருக்கு வழிகாட்டிய பிராக்ஸ்பீல்டு, நாட்டில் நிலமுடையோர்க்கே அரசில் பங்குண்டு என்றும், கையில் தூக்கிச் செல்லத்தக்க உடைமை மட்டும் கொண்ட மக்களுக்கு நாட்டின்மீது என்ன பிடிப்பு இருக்கிறது என்றும் பொருள்படப் பேசினார். மறுநாள் நடுவர் ஒருமனதாகக் குற்றவாளி என்றனர்.

பின்னர் நீதிபதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தண்டனையை ஆராய்ந்தனர். தண்டம் விதித்தால் அதைப் பிறர் கட்டிவிடுவர்; சிறையிலடைத்தால் காலம் கழிந்து வெளிவந்து மீண்டும் தொடங்குவார்; நாட்டை விட்டு நீக்கினாலோ வேறிடம் சென்று தீங்கு விளைப்பார். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கினர். சித்திரவதை ஒழிந்துவிட்ட காலத்தில் இக்குற்றத்திற்கு ஈடான தண்டனையே இல்லை என்று ஸ்விண்டன் பிரபு கருத்துரைத்தார். முடிவில் பதினான்கு ஆண்டுத் தீவாந்தரம் விதித்தனர். தண்டனைக் காலத்தில் பிரிட்டனில் காணப்பட்டால் மரணம்.

இரு சொற்கள்

தமிழில் நாடுகடத்தல் என்னும் ஒரே சொல் இரு வேறு தண்டனைகளையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஒன்று நாடு நீக்கம். தாய்நாட்டில் இருத்தலாகாது, வேறெங்கும் தன் விருப்பம்போல் சென்று வாழலாம். மற்றொன்று நம் முன்னோர் தீவாந்தரம் எனக் குறித்தது. அரசு கட்டிக் கொண்டுபோய்க் கடலுக்கு அப்பால் குறித்த ஓரிடத்தில் கைதியாகவே வைத்திருப்பது. முன்னது வெளியே தள்ளிக் கதவடைப்பது. பின்னது வேறொரு கதவுக்குள் அடைப்பது.

மியூரின் தண்டனையை மறுத்தோரின் வாதம் இவ்வேறுபாட்டில்தான் நின்றது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1703இல் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. அரசுக்கும் குடிகளுக்குமிடையே பொய்யுரைத்துப் பகை மூட்டும் குற்றத்திற்கு முன்பு மரண தண்டனை இருந்தது. அச்சட்டம் அதனை நீக்கித் தண்டம், சிறை, நாடு நீக்கம் ஆகியவற்றோடு தண்டனையை வரையறுத்தது. மியூர்மீது கூறப்பட்ட குற்றம் எப்பெயரில் வழங்கினும் பொருளால் அதுவே. எனவே அச்சட்டம் தந்த தண்டனைகளுள் ஒன்றையே விதிக்க இயலும். தீவாந்தரம் அவற்றுள் இல்லை. இஃது ஒரு சாரார் வாதம்.

நீதிபதிகளும் அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் டண்டாசும் வேறுவகையாகக் கூறினர். இக்குற்றம் எழுதப்பட்ட சட்டத்தில் அடங்குவதன்று. வழக்காற்றுச் சட்டத்தின்பாற்பட்ட அரசவெறுப்புத் தூண்டல். அதற்குரிய தண்டனை நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அன்றியும் நாடு நீக்கம் என்னும் சொல்லே தீவாந்தரத்தையும் உள்ளடக்கும். ஒரு சொல்லை விரித்தே பதினான்கு ஆண்டுகள் பெறப்பட்டன என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் தாமஸ் பிஷ் பாமர் என்னும் சமயகுரு பெர்த் நகரில் ஏழாண்டுத் தீவாந்தரம் பெற்றார். 1794 தொடக்கத்தில் ஸ்கிர்விங், மார்கரட், ஜெரால்டு ஆகியோர் எடின்பரோவில் பதினான்காண்டு பெற்றனர்.

மேல்முறையீடில்லா மன்றம்

உரிமை வழக்குகளில் எடின்பரோ தீர்ப்புகளை எதிர்த்து இலண்டன் பிரபுக்கள் அவைக்கு முறையிடலாம். ஒரு சிறு நிலத் தகராறும் அங்குச் செல்லும். ஆயின் உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் தீர்ப்பை அங்குக் கொண்டு செல்ல வழியில்லை. ஓர் உழவனின் வரப்புக்கு இருந்த மேல்முறையீடு ஒரு மனிதனின் உயிருக்கும் வாழ்வுக்கும் இல்லை. நீதிபதிகள் தம் அதிகார எல்லையை மீறினரா என்பதை அந்நீதிபதிகளே முடிவு செய்வர்.

எஞ்சியிருந்த வழி நாடாளுமன்றம் ஒன்றே. வில்லியம் ஆடம் என்னும் ஸ்காட்லாந்து உறுப்பினர் அவ்வழியைக் கையாண்டார். அவர் புரட்சியாளர் அல்லர், பழுத்த வழக்கறிஞர். குற்ற வழக்குகளில் சட்டப் பிழைகளை மேல்முறையீடு செய்ய வகைசெய்யும் மசோதாவை 1794 பிப்ரவரியில் கொணர முயன்றார், அவை மறுத்தது. மார்ச் 10ஆம் நாள் மியூர், பாமர் தண்டனைகளையே நேராக எடுத்துக்கொண்டு, அவை சட்டத்திற்குப் புறம்பானவை என நெடிய உரையாற்றினார். பாக்ஸ், ஷெரிடன் போன்றோர் துணை நின்றனர். பிரதமர் பிட்டும் உள்துறை அமைச்சர் ஹென்றி டண்டாசும் எதிர்த்தனர். அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் டண்டாசு இவ்வமைச்சரின் மருகரும் ஆவார். ஆடமுக்கு ஆதரவாக 32 வாக்குகள், எதிராக 171.

வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது மியூர் தேம்ஸ் ஆற்றுச் சிறைக்கப்பலில் வன்கொடுமைக் குற்றவாளிகளோடு இருந்துவிட்டு, கடற்பயணத்திற்குக் காத்திருந்தார். மே மாதத்தில் சர்ப்ரைஸ் என்னும் கப்பல் அவரைச் சுமந்து புறப்பட்டது.

கவிஞனின் குரல்

மியூர் வழக்கு நடைபெற்ற அதே நாள்களில், டம்பிரீஸ் நகரில் சுங்க அலுவலராக இருந்த ராபர்ட் பர்ன்ஸ் ஒரு பாடலை இயற்றினார். 1314இல் பன்னொக்பர்ன் போருக்கு முன்னர் மன்னர் ராபர்ட் புரூஸ் தம் படையை நோக்கி உரைப்பதாக அமைந்தது அப்பாடல். அதனைப் பதிப்பாளர் தாம்சனுக்கு அனுப்பிய மடலில், அத்துணைப் பழமையில்லாத வேறு சில விடுதலைப் போராட்டங்களின் நினைவும் தம்மைத் தூண்டியதாகக் குறிப்பாக உரைத்தார். மியூரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை, குறிப்பிட இயலாது. சில மாதங்களுக்கு முன்னரே அவருடைய அரசுப் பற்றின்மீது ஐயங்கொண்டு சுங்கத் துறை விசாரணை நடத்தியிருந்தது. மனைவி மக்களைக் காக்கும் ஊதியம் அவ்வேலையிலிருந்தே வந்தது. பாடல் 1794 மே மாதத்தில் இலண்டன் நாளிதழில் பெயரின்றி வெளிவந்தது. மியூர் வழக்கே அப்பாடலின் கரு என்று உறுதியாகக் கூற இயலாவிடினும், அக்காலச் சூழலை அறிந்தோர் இரண்டையும் இணைத்தே காண்கின்றனர். வெளிப்படக் கூற இயலாததை நானூற்று எண்பது ஆண்டுப் பழங்கதையில் பொதிந்து கூறியது கவிஞர்கள் ஓர்ந்து கொள்ளத்தக்க உத்தியாகும்.

சிட்னியிலிருந்து ஒரு வினா

1794 அக்டோபர் 25ஆம் நாள் கப்பல் சிட்னி துறைமுகத்தை அடைந்தது. குடியேற்றம் தோன்றி ஏழாண்டுகூட நிறைவுறாத ஊர் அது. மியூரும் தோழரும் ஏனைய கைதிகளைப் போல் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்படவில்லை. மியூர் சிறு நிலம் வாங்கி, தந்தையார் வீட்டின் நினைவாக ஹண்டர்ஸ்ஹில் எனப் பெயரிட்டார்.

இலண்டனில் தோற்ற வாதத்தை அவர்கள் அங்கும் கைவிடவில்லை. 1795இல் ஆளுநராக வந்த ஜான் ஹண்டரிடம் மியூர், பாமர், ஸ்கிர்விங் மூவரும் முறையிட்டனர். தங்கள் தண்டனை பிரிட்டனை விட்டு அகற்றப்படுவதே. அஃது ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பிரிட்டனுக்குத் திரும்பாதவரை வேறெங்கும் செல்லத் தங்களுக்கு உரிமையுண்டு என்பது அவர் கூற்று. நீக்கம், தீவாந்தரம் என்னும் அவ்விரு சொற்களே மீண்டும் எதிரெதிர் நின்றன. ஹண்டர் தாமே முடிவு செய்யாமல் வினாவை இலண்டனுக்கு அனுப்பினார். கடல்வழியில் விடை வந்துசேர ஓராண்டிற்கு மேலாகும். மியூர் அதற்குக் காத்திருக்கவில்லை.

உலகைச் சுற்றிய கைதி

1796 தொடக்கத்தில் ஓட்டர் என்னும் அமெரிக்கக் கப்பல் சிட்னிக்கு வந்தது. ஓரிரவில் மியூர் அதில் ஏறித் தப்பினார். பசிபிக் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள நூட்கா வளைகுடாவை அடைந்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் அப்பகுதியில் நடமாடுவதை அஞ்சி ஸ்பெயின் நாட்டுக் கப்பலுக்கு மாறினார். கலிபோர்னியாவின் மான்டரே அவரை வரவேற்றது. ஆயினும் ஸ்பெயின் அதிகாரிகள் ஐயுற்றனர். மெக்சிகோ நகர், வெராகுரூஸ், ஹவானா எனக் காவலிலேயே கடந்தார். ஹவானாவில் சிறையும் கண்டார்.

ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட நின்பா என்னும் போர்க்கப்பலை 1797 ஏப்ரல் 26ஆம் நாள், காடிஸ் துறைமுகத்தருகே பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கின. சண்டையில் மியூரின் இடக் கண்ணும் கன்ன எலும்பும் சிதைந்தன. முகம் சிதைந்தமையால் அவரைத் தேடியவர்கள் எளிதில் அடையாளம் காண முடியவில்லை. காடிஸ் மருத்துவமனையில் பல மாதம் கிடந்தார். பிரெஞ்சு அரசு தலையிட்டு அவரை விடுவித்தது. போர்டோ நகரம் விருந்தளித்தது. 1798 பிப்ரவரியில் பாரிசு புகழ்மாலை சூட்டியது.

புகழ் நீடிக்கவில்லை. நோயும் வறுமையும் சூழ்ந்தன. 1799 ஜனவரி 26ஆம் நாள் பாரிசுக்கு அருகிலுள்ள சாந்தியி என்னும் ஊரில் மியூர் மறைந்தார். விதிக்கப்பட்ட பதினான்கு ஆண்டுகளுள் ஆறுகூட நிறைவுறவில்லை. எஞ்சியோர் நிலையும் துயருடையதே. ஜெரால்டும் ஸ்கிர்விங்கும் 1796 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் சிட்னியில் இறந்தனர். பாமர் தண்டனை முடிந்து திரும்பும் வழியில் 1802இல் குவாம் தீவில் உயிர்நீத்தார். ஐவருள் பிரிட்டன் மண்ணை மீண்டும் மிதித்தவர் மார்கரட் ஒருவரே.

நிறைவாக

மியூரின் முறையீட்டைக் கேட்க அவர் வாழ்நாளில் மன்றம் இல்லை. காலம் அதனைச் சிறிது சிறிதாகக் கேட்டது. 1825இல் இயற்றிய சட்டம் ஸ்காட்லாந்தில் அரசவெறுப்புத் தூண்டலுக்கு முதன்முறை விதிக்கத்தக்க தண்டனையைச் சிறை, தண்டம் ஆகியவற்றோடு நிறுத்தியது. தீவாந்தரம் விதிக்கும் அதிகாரத்தை நீதிபதியிடமிருந்து நாடாளுமன்றமே எடுத்துவிட்டது. 1844இல் எடின்பரோவின் கால்டன் கல்லறைத் தோட்டத்தில் ஐவருக்கும் தொண்ணூறடி உயரக் கற்றூண் எழுப்ப அடிக்கல் இடப்பட்டது. ஆடம் கேட்ட குற்றவியல் மேல்முறையீடு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்திற்குக் கிட்டியது. அவர் மசோதாவை அவை மறுத்து அப்போது நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதியாக 2010ஆம் ஆண்டுச் சட்டம், 1793இல் எது எதனுள் அடங்கும் என வாதிட்ட இரு குற்றங்களையும், அரசவெறுப்புத் தூண்டல், பொய்யுரைத்துப் பகை மூட்டல் இரண்டையும், ஒரே பிரிவில் ஸ்காட்லாந்துச் சட்டத்திலிருந்து நீக்கியது.

நடுவர் தேர்வில் நேர்மை இருந்ததா, சாட்சியம் போதுமா என்பன அறிஞர்கள் நெடிது ஆய்ந்தவை. எனினும் இவ்வழக்கு நமக்கு உணர்த்தும் முதன்மைப் பாடம் வேறு. தண்டிக்கும் அதிகாரம் நீதிபதியின் சினத்திலிருந்தோ நாட்டின் அச்சத்திலிருந்தோ பிறத்தலாகாது. எழுதிவைத்த சொல்லிலிருந்தே பிறத்தல் வேண்டும். அச்சொல்லை வேண்டியவாறு விரித்துக்கொள்ள இசைந்தால், எழுதிவைத்ததன் பயனே இல்லையாகிவிடும். நீக்கம் என்ற சொல் தீவாந்தரம் என விரிந்தபோது, இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் உலகைச் சுற்றி அயல்மண்ணில் ஒரு கண்ணிழந்து மாண்டார். சொல்லைக் கருவியாகக் கொண்ட நாம், நம் கையிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லையுண்டு என்பதை மறவாதிருப்பது அவருக்குச் செய்யும் நன்றியாகும்.